நைஜீரியாக்காரரைக் கட்டிக்கொள்ள வீட்டுச் சம்மதம் வேண்டுமா?

கேள்வி: எனக்கு 27 வயது. ஊர் அவிநாசி பக்கம். திருப்பூர் ஏற்றுமதி கம்பெனி ஒன்றில் மெர்ச்சண்டைசர். காதர்பேட்டையில் சரக்கு எடுத்து லாகோஸுக்கு அனுப்பும் நைஜீரியக் கிறிஸ்தவர் ஒருவரும் நானும் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறோம். அவர் பிசினஸ் விசாவில் இருக்கிறார். பெரியப்பா பையன் ஜெர்மன்காரப் பெண்ணைக் கட்டியபோது பெருந்துறையில் மண்டபம் பிடித்து, கொங்குக் கல்யாணச் சீர்களை நடத்திவைக்கும் அருமைக்காரரை வைத்துச் சீர் செய்த எங்கள் வீட்டில் இப்போது, 'கருப்பனோட வந்தா ஊருக்குள்ள தலை காட்ட முடியாது' என்கிறார்கள். மாமா கஞ்சா கேஸ் போடச் சொல்வேன் என்று மிரட்டுகிறார். ஒரு புரோக்கர் 60,000 ரூபாய் கொடுத்தால் மூன்றே நாளில் சர்டிபிகேட் வாங்கித் தருவதாகச் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள் அம்மணி.

சம்மதக் கதையை முதலில் முடித்துவிடுவோம். வயது வந்த இருவர் மனம் ஒத்துப்போனால் குடும்பமோ ஊரோ சாதிசனமோ சம்மதிக்க வேண்டியதில்லை என்று 2018-ல் சக்தி வாஹினி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. மருமகள் வேற நாடு, வேற மதமாக இருந்தபோது வராத மானக்கேடு மாப்பிள்ளை விஷயத்தில் மட்டும் வருகிறதென்றால் அது தோலைப் பார்த்து வருகிற வியாதிதான், என்னமோ நாமெல்லாம் பால் நிறத்தில் பிறந்த மாதிரி. அதற்கு என்னிடம் மருந்தில்லை, ஆனால் சட்டத்தில் அதற்கு இடமும் இல்லை.

இனி அந்த மூன்று நாள் சர்டிபிகேட். இதை எப்படிச் செய்வார்கள் தெரியுமா? அவரை ஒரே நாளில் இந்துவாக மாறியதாகக் காகிதம் தயார் செய்து, ஏதோ ஒரு கோயிலிலோ வக்கீல் அறையிலோ மாலை மாற்றி போட்டோ எடுத்து, இந்து திருமணச் சட்டத்தில் பதிந்துவிடுவார்கள். சுயமரியாதைத் திருமணமும் அந்தச் சட்டத்துக்குள்தான் வருகிறது, இரண்டு பேருமே இந்துவாக இருக்க வேண்டும். மதமாற்றம் பேருக்குத்தான் என்று நாளைக்கு உங்கள் மாமாவே கோர்ட்டுக்குப் போனால், 60,000 ரூபாய் வாங்கியவர் போனைக்கூட எடுக்க மாட்டார். ஒரிஜினல் பாஸ்போர்ட், மார்க்‌ஷீட் எதையும் இந்த ஆட்கள் கையில் கொடுத்துவிடாதீர்கள், மிச்சப் பணம் வரும்வரை பிடித்து வைத்துக்கொள்வார்கள். கல்யாணம் ஆனால் விசா பிரச்சினை தானாகத் தீரும் என்றும் சொல்வார்கள். விசா முடிந்தபிறகு தங்கியிருந்தால் தாலி கட்டியிருந்தாலும் வழக்கு வரும், நாட்டை விட்டும் அனுப்புவார்கள்.

உங்களுக்கான வழி 1954-ஆம் வருஷத்துச் சிறப்புத் திருமணச் சட்டம். யாரும் மதம் மாற வேண்டாம், ஒருவர் வெளிநாட்டவராக இருக்கலாம். உங்களில் ஒருவராவது 30 நாள் குடியிருந்த மாவட்டத்தின் திருமண அலுவலரிடம், அதாவது நாம் ரிஜிஸ்தர் ஆபீஸ் என்கிற இடத்தில், நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அதை அங்கே ஒட்டுவார்கள். 30 நாள் யார் வேண்டுமானாலும் ஆட்சேபிக்கலாம். ஆனால் வயது, மனநிலை, நெருங்கிய உறவு, ஏற்கெனவே கல்யாணம் ஆனவரா என்பவைதான் செல்லுபடியாகும் காரணங்கள். காதலித்தவர்களின் பெயரையும் விலாசத்தையும் ஒரு மாதம் சுவரில் ஒட்டி, தேடுகிறவர்களுக்கு வழி காட்டும் இந்த விதியை இன்னும் எதற்கு வைத்திருக்கிறார்களோ! வேண்டுமென்றே பொய் ஆட்சேபம் போட்டவர் கட்ட வேண்டிய தொகை அதிகபட்சம் ஆயிரம் ரூபாய், 1954-ல் எழுதியது இன்றும் அதேதான். கவுன்டரில் 'அப்பா அம்மா வரலையா' என்று கேட்டால், எந்தப் பிரிவில் அப்படி இருக்கிறது என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.

கோவையில் போய்ப் பதிந்தால் ஊருக்குத் தெரியாது என்று நினைக்க வேண்டாம். உங்கள் நிரந்தர முகவரி திருப்பூர் மாவட்டம் என்றால் நோட்டீஸ் நகல் இங்கேயும் வந்து ஒட்டப்படும். நோட்டீஸ் கொடுத்து மூன்று மாதத்துக்குள் கல்யாணம் நடக்காவிட்டால் எல்லாம் முதலிலிருந்து. அதனால் அவர் விசா எப்போது முடிகிறது, அவர் குடியிருக்கும் வீட்டின் உரிமையாளர், வெளிநாட்டவர் ஒருவர் தங்கியிருக்கிறார் என்று அரசுக்கு முறைப்படி தெரிவித்திருக்கிறாரா என்று இப்போதே பாருங்கள்.

ஒரு விஷயத்தை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்வேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அவருக்கு ஊரில் ஏற்கெனவே கல்யாணம் ஆகியிருக்கிறதா என்று நேரில் உட்கார்ந்து கேளுங்கள். கல்யாணம் ஆகாதவர் என்று தூதரகச் சான்று கேட்பார்கள், அதுவும் டெல்லியிலிருந்து வரும். ஆனால் நைஜீரியாவில் பதிவுக் கல்யாணம் போலவே வழக்கப்படி நடக்கும் கல்யாணமும் உண்டு, பெண் வீட்டுக்குப் பரிசம் கொண்டுபோய்ப் பெரியவர்கள் முன்னால் முடிப்பது. அதற்குக் காகிதம் இல்லாமலே போகலாம், தூதரகத்துக்கும் தெரியாமல் போகலாம். முன்மனைவி உயிரோடு இருந்து, முறையாகப் பிரியவும் இல்லையென்றால் உங்கள் கல்யாணம் செல்லாது. பிரிந்துவிட்டார் என்றால் எப்படிப் பிரிந்தார், அதற்கு என்ன ஆதாரம் என்று கேளுங்கள். வாய்ச்சொல் போதாது. நைஜீரியாக்காரர் என்பதால் கேட்கச் சொல்லவில்லை. கோயிலில் தாலி கட்டிப் பதியாமல் விட்ட நம்மூர் மாப்பிள்ளையாக இருந்தாலும் இதையேதான் கேட்கச் சொல்வேன்.

மாமாவின் மிரட்டலை லேசாக விடாதீர்கள். 2016-ல் உடுமலை பஸ் ஸ்டாண்ட் பக்கம், சாதி மாறிக் கல்யாணம் செய்த சங்கரைப் பட்டப்பகலில் வெட்டிக் கொன்றது நமக்கெல்லாம் தெரியும். நோட்டீஸ் கொடுப்பதற்கு முன்பே மாவட்ட எஸ்.பி.க்கு இருவரும் கையெழுத்திட்டு மனு அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். மனுவில் கஞ்சா கேஸ் மிரட்டல், சொன்ன தேதி, கேட்டவர் யார் எல்லாம் இருக்கட்டும். இப்படிப்பட்ட ஜோடிகளுக்கு மாவட்டந்தோறும் தனிப் பிரிவு வேண்டும் என்று அதே 2018 தீர்ப்பு சொல்கிறது, ஸ்டேஷனில் போய்க் கேட்டால் முழிக்கிறவர்களும் உண்டு. 'பெண்ணைக் காணோம்' என்று வீட்டில் புகார் கொடுத்து மகளிர் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டால் வக்கீலோடு போய், சொந்த விருப்பத்தில் இருக்கிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். சமாதானம் பேசலாம், காரில் ஏறு என்றால் ஏறாதீர்கள். வீட்டில் அடைத்துவைத்தால் உங்களுக்காக உங்கள் தோழியே சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடலாம், அவரிடம் இப்போதே உங்கள் சான்றிதழ் நகல்களைக் கொடுத்து வையுங்கள்.

அப்புறம், கல்யாணத்தன்று மூன்று சாட்சிகள் வேண்டும். ஆபீஸ் வாசலில் ஆளுக்கு ஐந்நூறு என்று நிற்பவர்களைப் பிடிக்காதீர்கள். கம்பெனியில் கூட வேலை செய்கிறவர்களையே ஆதாரோடு அழைத்துப் போங்கள், நாளைக்கு விசாரணை என்றால் தேடினால் கிடைக்கிற ஆளாக இருக்க வேண்டும்.