கார்பன் ஃபண்ட் சோதனைக்கு எத்தனை பேர் வேண்டும்? கேள்வி பதில்

கே: கார்பனைக் குறைக்கும் ஃபண்டுக்கு முதலீட்டாளர்கள் கூடுதல் கட்டணம் தருவார்களா என்று சோதிக்கிறேன். குழுவுக்கு 60 பேர் போதுமா?

ப: எவ்வளவு வித்தியாசத்தைப் பிடிக்க வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள். அந்த வித்தியாசம் திட்டவிலக்கத்தில் (பதில்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்ற அளவு) எத்தனை பங்கோ, அதன் வர்க்கத்தால் 16-ஐ வகுத்தால், 80 சதவீதத் திறனுக்கு (வித்தியாசம் நிஜமாகவே இருந்தால் சோதனை அதைப் பிடிக்கும் வாய்ப்பு) ஒரு குழுவுக்கு வேண்டிய ஆட்கள் தோராயமாகக் கிடைக்கும். பாதி என்றால் 64 பேர், ஐந்தில் ஒன்று என்றால் 400 பேர். பணத்தில் பதில் கேட்கும்போது பலர் பூஜ்யம் சொல்வார்கள், சிலர் பெரிய தொகை சொல்வார்கள், திட்டவிலக்கம் ஊதிவிடும். சின்ன முன்சோதனை வைத்து அந்தப் பரவலை மட்டும் பாருங்கள், விளைவின் அளவை அதிலிருந்து எடுக்காதீர்கள்.

கே: ஒரு குழுவுக்கு 0.5 டன் கார்பனைக் குறைக்கும் ஃபண்ட், இன்னொரு குழுவுக்கு 5 டன் குறைக்கும் ஃபண்ட் காட்டினேன், தரச் சொன்ன தொகையில் வித்தியாசம் வரவில்லை. அளவைப் பற்றி அவர்களுக்குக் கவலை இல்லை என்று எழுதலாமா?

ப: அவசரப்படாதீர்கள். ஹீப், கோல்பெல் என்ற ஆய்வாளர்களின் குழு 2023-இல் வெளியிட்ட ஆய்வும் இதே இரண்டு அளவுகளை ஒப்பிட்டு, கூடுதல் குறைப்புக்கு முதலீட்டாளர்கள் குறிப்பிடத்தக்க அளவு அதிகம் தரவில்லை என்றுதான் சொன்னது. ஆனால் இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. டன்னுக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டால் தொகை பத்து மடங்காக வேண்டும். அது நடக்கவில்லை என்று காட்டச் சின்ன மாதிரியே போதும். வித்தியாசமே இல்லை என்று சொல்வதற்கு, எந்த அளவுக்குக் கீழே போனால் பொருட்படுத்த மாட்டீர்கள் என்று முன்பே எழுதிவைத்து, நம்பக இடைவெளி (உண்மையான வித்தியாசம் இருக்கக்கூடிய வரம்பு) முழுவதும் அதற்குள் அடங்குகிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு ஆட்கள் நிறைய வேண்டும்.

கே: முடிவு வந்த பிறகு திறனைக் கணக்கிட்டேன், 30 சதவீதம். சேர்க்கலாமா?

ப: வேண்டாம். அது பி-மதிப்பேதான் (வித்தியாசமே இல்லாவிட்டாலும் இப்படியொரு முடிவு வரும் வாய்ப்பு), வேறு வடிவத்தில். திறன் கணக்கு தரவு சேர்ப்பதற்கு முன்னால்.

கே: குழுவுக்கு 100 பேர் போதுமா?

ப: முதல் பதிலைப் பாருங்கள்.

கே: 400 எதற்கு? ஒரே ஆளிடம் இரண்டு ஃபண்டையும் காட்டினால் மொத்தமே 200 பேர் போதுமே.

ப: இரண்டு பதில்களின் ஒட்டுறவு (ஒன்றுக்கு அதிகம் சொல்பவர் மற்றதற்கும் அதிகம் சொல்லும் போக்கு) 0.5 இருந்தால் கணக்கு சரி. ஆனால் பக்கத்தில் பக்கத்தில் பார்த்ததும் டன் எண்ணிக்கை கண்ணில் படும், அதற்காகவே தொகையைக் கூட்டுவார்கள்.

கே: நிஜத்திலும் ஒப்பிட்டுத்தானே வாங்குகிறார்கள்?

ப: நியாயமான கேள்வி. ஃபண்டுகளை வரிசையாக ஒப்பிடுபவர்களைப் பற்றித்தான் ஆய்வு என்றால் உங்கள் வடிவமைப்பே சரி, நான் ஒத்துக்கொள்கிறேன். இல்லையென்றால் வரிசையைக் குலுக்கிக் காட்டுங்கள். ஒவ்வொருவரின் முதல் பதிலை மட்டும் தனியாகவும் ஒப்பிடலாம். ஆனால் அந்த ஒப்பீட்டுக்குத் திரும்பவும் குழுவுக்கு 400 பேர் வேண்டும்.

கே: முடிவை ஆண், பெண் என்று பிரித்துப் பார்க்கலாமா?

ப: பிரிவுகளுக்கு இடையிலான வித்தியாசம் மூல விளைவில் பாதி என்றால் 16 மடங்கு ஆட்கள். இருக்கிறார்களா?