தவணை தீரும்வரை இரண்டு பிள்ளைகள்

அன்புள்ள ஐயா,

எட்டாம் வகுப்புப் படிக்கும் என் மகன் பள்ளியில் திப்பு சுல்தானைப் பற்றிப் பேச வேண்டும். குடும்ப வாட்ஸப் குழுவில் கேட்டேன், பெரிய சண்டையே வந்துவிட்டது. மாவீரர் என்கிறார் ஒருவர், கொடுங்கோலர் என்கிறார் இன்னொருவர். அவர் நல்லவரா, கெட்டவரா? ராக்கெட்டைக் கண்டுபிடித்தது அவர்தானா? பெற்ற பிள்ளைகளையே வெள்ளைக்காரனிடம் அடகு வைத்தவரை வீரர் என்று பையனுக்கு எப்படிச் சொல்வது?

எம்., கிருஷ்ணகிரி

அன்புள்ள எம்.,

ராக்கெட் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். போரில் வாணம் விடுவது இங்கே முன்பே இருந்ததுதான். மைசூர்க்காரர்கள் வெடிமருந்தை இரும்புக் குழாயில் அடைத்தார்கள், அதனால் வெகுதூரம் போனது. பையன் இவ்வளவு சொன்னால் போதும்.

நல்லவரா கெட்டவரா என்ற கேள்வியைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். 1791இல் மராட்டியப் படையினர் கொள்ளையடித்த சிருங்கேரி மடத்துக்குப் பணமும் பொருளும் அனுப்பியவர் திப்பு. குடகிலிருந்தும் மங்களூர்ப் பக்கத்திலிருந்தும் ஆயிரக்கணக்கான குடும்பங்களை வேரோடு பெயர்த்துத் தன் தலைநகரான ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு ஓட்டிக்கொண்டு போனவரும் அவர்தான். ஒன்றைச் சொல்லி இன்னொன்றை மறைத்தால் அது பொய். இரண்டையும் சேர்த்துக் கேட்கிற மனசு உங்கள் பையனுக்கு இருக்கும். உங்கள் குழுவில் இருக்கும் பெரியவர்களுக்குத்தான் அது இல்லை.

ஆனால் அந்தக் கடைசி வரி. அதைப் படித்ததும் எழுந்து வாசலில் போய் நின்றுகொண்டேன். ‘அடகு வைத்தவர்’ என்று எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டீர்கள்! கொஞ்ச நாளாக நான் அந்தப் பிள்ளைகளைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

1792 பிப்ரவரி. ஸ்ரீரங்கப்பட்டணத்தைச் சுற்றி ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையோடு மராட்டியரும் ஐதராபாத் நிஜாமும் சேர்ந்து நிற்கிறார்கள். கம்பெனியின் கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் கேட்டது பாதி ராஜ்ஜியம், கூடவே 3 கோடியே 30 லட்சம் ரூபாய். உங்கள் கிருஷ்ணகிரி இருக்கிற பாராமகால் அப்போதுதான் கைமாறியது, திண்டுக்கல்லும் போனது. பாதிப் பணம் உடனே, மீதி தவணையில். தவணை தீரும்வரை ஈடாக சுல்தானின் பிள்ளைகள் இரண்டு பேர். கொடுத்த தகப்பனைத் திட்டுகிறீர்களே, கேட்டவனைப் பற்றி ஒரு சொல் எழுதினீர்களா? ஊரைச் சுற்றி மூன்று படைகளை நிறுத்திவிட்டுப் பிள்ளையைக் கொடு என்று கேட்பதற்குப் பெயர் என்ன?

மூத்தவன் அப்துல் காலிக்குக்குப் பத்து வயது, இளையவன் முய்சுத்தீனுக்கு எட்டு. வெள்ளை மஸ்லின் உடுத்தி, சிவப்புத் தலைப்பாகை கட்டி, கழுத்தில் முத்துமாலையோடு யானைமேல் வந்தார்கள். பீரங்கி மரியாதை நடந்தது. காரன்வாலிஸ் கூடார வாசலுக்கே வந்து கட்டி அணைத்து, கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய் இரண்டு பக்கமும் உட்காரவைத்துக்கொண்டார். ஆளுக்கொரு தங்கக் கடிகாரம் கொடுத்தார். இங்கிலாந்து ஓவியர்கள் இந்தக் காட்சியைத் திரும்பத் திரும்ப வரைந்திருக்கிறார்கள். அந்தப் படங்களில் அவர் பெற்ற தகப்பனைப் போல் நிற்கிறார். அதைத்தான் என்னால் பார்க்க முடிவதில்லை.

ஏன் என்று சொல்கிறேன். எனக்கு அப்போது ஒன்பது வயது. விதைக்கடலை எடுக்க அப்பாவோடு ஒரு மண்டிக்குப் போயிருந்தேன். பழைய பாக்கி நின்றது. “பையன் இங்கேயே இருக்கட்டும், நீ போய்ப் பணத்தோட வா” என்றார் முதலாளி. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அப்பா ஒன்றும் பேசாமல் வெயிலில் இறங்கிப் போனார். என்னைச் சாக்கு மூட்டைமேல் உட்காரவைத்தார்கள். சணல் தொடையில் குத்தியது. முதலாளி எனக்குக் கடலைமிட்டாய் வாங்கித் தந்தார். பதினாறாம் வாய்ப்பாடு சொல்லச் சொல்லிக் கேட்டு, “கெட்டிக்காரன்” என்று தலையைத் தடவினார். அடித்திருந்தால் அழுதிருப்பேன். தடவிக் கொடுக்கிறவரிடம் ஒன்பது வயதுப் பையன் என்ன செய்ய முடியும்? அந்த அன்பை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அந்தப் பிள்ளைகள் சென்னையில் இருந்துவிட்டு 1794இல்தான் தகப்பனிடம் திரும்பினார்கள். 1799 மே 4இல் கோட்டை விழுந்தது, திப்பு இறந்தார். குடும்பத்தை வேலூர்க் கோட்டையில் கொண்டுவந்து வைத்தார்கள். 1806 ஜூலையில் அங்கே சிப்பாய்கள் எழுந்து திப்புவின் கொடியை ஏற்றியபோது, பின்னால் இருந்தவர் என்று கம்பெனி சந்தேகப்பட்டவர்களில் முய்சுத்தீனும் ஒருவர். தங்கக் கடிகாரம் வாங்கிக்கொண்ட அதே எட்டு வயதுப் பையன். அதற்குப் பிறகு குடும்பத்தையே கல்கத்தாவுக்கு அனுப்பிவிட்டார்கள்.

கோபித்துக்கொள்ளாதீர்கள், எம். உங்கள் மகன் இந்த இரண்டு பிள்ளைகளைப் பற்றியே பேசட்டும். அவனைவிடச் சின்னவர்கள் அவர்கள்.

அப்பா வந்தபோது விளக்கு வைத்துவிட்டார்கள். வேட்டி மடியிலிருந்து ரூபாயை எடுத்து எண்ணி வைத்தார். அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். மிட்டாயில் பாதியை நான் தின்னாமல் வைத்திருந்தேன். வழியில் அவரிடம் நீட்டினேன். வாங்கிக்கொள்ளவில்லை.