பதில் தெரிகிறது, பேனா நகரவில்லை

கேள்வி: மகன் பத்தாம் வகுப்பு. 4 வயதிலேயே ஆட்டிசம் என்றார்கள். சான்றிதழ் எதுவும் வாங்கவில்லை. வீட்டில் கேட்டால் எல்லாம் சொல்கிறான், பரீட்சை ஹாலில் உறைந்துபோகிறான். 'ஸ்கிரைப்' (அவன் சொல்லச் சொல்லத் தேர்வை எழுதித் தருபவர்) கேளுங்கள் என்கிறது பள்ளி. ஒருவர் 12,000 ரூபாய்க்கு 75 சதவீதச் சான்றிதழ் வாங்கித் தருகிறேன் என்கிறார். என்ன செய்ய?

பதில்: அந்த 12,000 ரூபாய் உங்களிடமே இருக்கட்டும். மாற்றுத்திறனாளிகளுக்கான அடையாள அட்டையான யு.டி.ஐ.டி.க்கு அரசு கட்டணம் வாங்குவதில்லை. 'ஸ்வாவ்லம்பன்' இணையதளத்தில் நீங்களே பதியலாம். முடியாவிட்டால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் உதவி கேளுங்கள். பிறகு அரசு மருத்துவமனையில் நேரடி மதிப்பீடு. புரோக்கர் சொல்லும் 75 எதற்கு? தேர்வுச் சலுகைக்கு 40 சதவீதம் போதும். பொய்ச் சான்றில் சலுகை பெற்றால் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 91-ஆம் பிரிவு 2 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. விண்ணப்பத்தில் இருப்பது உங்கள் கையெழுத்து, புரோக்கருடையது அல்ல.

மதிப்பீட்டில் 40 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். மொத்தம் 70 வந்தால்தான் ஆட்டிசம். அந்த 70-தான் 40 சதவீதம். இங்கே எண் கூடினால் சிரமம் கூடுதல் என்று பொருள். இதுவும் ஒரு பரீட்சை என்று நினைத்து, 'டாக்டர் கேட்டா நல்லா பேசணும்' என ஒத்திகை பார்த்துக் கூட்டிப்போகிறார்கள். வேண்டாம். உங்களிடம் கேட்கும்போது அவனுடைய மோசமான நாட்களையும் சேர்த்துச் சொல்லுங்கள். வெற்றாகத் திரும்பிய விடைத்தாள்களையும் வகுப்பாசிரியரின் குறிப்பையும் எடுத்துப்போங்கள்.

40 சதவீதத்துக்குக் கீழே போட்டுவிட்டால்? 'அப்ப ஒன்றும் கிடையாது' என்று கவுண்டரில் அனுப்பிவிடுவார்கள். அது தவறு. 40 இல்லை என்பதற்காக ஸ்கிரைப் மறுக்கக்கூடாது என 2021-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2022 ஆகஸ்டில் மத்திய அரசும் 40-க்குக் கீழ் இருந்து எழுதுவதில் சிரமம் உள்ளவர்களுக்காகத் தனி விதிமுறை வெளியிட்டது. அதற்கு, எழுதுவதில் சிரமம் இருப்பதாக அரசு மருத்துவக் குழு தனியாகச் சான்று தர வேண்டும். சதவீதம் போட்ட தாள் மட்டும் போதாது. அந்த வாசகத்தைக் கேட்டு வாங்குங்கள். இத்தனை ஆண்டு ஆகியும் விதியை அலுவலகத்துக்குப் பெற்றோர்தான் நினைவூட்ட வேண்டியிருக்கிறது.

ஆனால் ஸ்கிரைப் உங்கள் பையனுக்குத் தேவையா? கை வேலை செய்கிறது. பயம்தான் பிடித்து நிறுத்துகிறது. முன்பின் தெரியாத ஒருவரிடம் வாய்விட்டுப் பதில் சொல்வது அதைக் கூட்டலாம். முதலில் தனி அறையும் கூடுதல் நேரமும் கேளுங்கள். மத்திய அரசு விதிப்படி மணிக்கு 20 நிமிடம், 3 மணி நேரத் தேர்வுக்கு 1 மணி. ட்யூப்லைட் இரைச்சல், முதுகுக்குப் பின்னால் நடக்கும் கண்காணிப்பாளர், முதல் கேள்வியிலேயே சிக்கி அடுத்ததற்குப் போகாமல் உட்கார்ந்திருப்பது: இவற்றில் எது நிறுத்துகிறது என்று பாருங்கள். மூன்றாவதுதான் என்றால், வினாத்தாள் வாசிக்கத் தரும் 10 நிமிடத்தில் 'எதில் ஆரம்பிப்பது' என்று மட்டும் தேர்ந்தெடுக்கப் பழக்குங்கள். வரிசை மாறி எழுதினாலும் மதிப்பெண் உண்டு என்று ஆசிரியர் வாயால் சொல்லவையுங்கள். அம்மா சொன்னால் நம்பமாட்டான்.

சலுகை விண்ணப்பம் தலைமையாசிரியர் வழியாகத்தான் அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்குப் போகும். 'பார்த்துக்கலாம்' என்று மேசையில் கிடக்கும் கோப்புகளே அதிகம். கடிதம் கொடுத்து, நகலில் தேதியும் முத்திரையும் வாங்குங்கள். அரையாண்டுத் தேர்வை அதே அறை, அதே நேர ஏற்பாட்டில் எழுதவைக்கச் சொல்லுங்கள். அப்போதும் தாள் வெறுமையாக வந்தால் ஸ்கிரைப் பற்றி யோசிக்கலாம்.