ஒரு தளத்தில் பார்த்தது சமூக ஊடகத்தில் விளம்பரமாக வருவது எப்படி? நான் யாரிடமும் சொல்லவே இல்லையே!

எதைத் தேடினீர்கள் என்று உங்கள் கேள்வியில் நீங்கள் எழுதவில்லை. சேலையோ செருப்போ என்றால் இவ்வளவு பதறியிருக்க மாட்டீர்கள். அதனால்தான் பதில் எழுதுகிறேன்.

காரைக்குடிக்குப் பக்கத்தில் என் கணவர் வீடு. கல்யாணமாகி ஐந்து வருடம், குழந்தை இல்லை. போன வருடம் ஒரு ராத்திரி, ஒரு கருத்தரிப்பு மருத்துவமனையின் தளத்தில் செலவு எவ்வளவு ஆகும் என்று மட்டும் பார்த்தேன். பெயர், நம்பர் எதுவும் கொடுக்கவில்லை. கணவரிடம்கூடச் சொல்லவில்லை.

நாலு நாள் கழித்து வீட்டில் படைப்பு, அதாவது முன்னோருக்குச் செய்யும் வழிபாடு. வளவில் (வீட்டு முற்றத்தில்) எல்லோரும் இருந்தபோது, வீட்டின் இரண்டாம் கட்டில் மழை ஒழுகுவதை நான் பதிவிட்டிருந்த படத்தைக் காட்டினேன். சின்ன மாமியார் போனை வாங்கி விரலால் தள்ளினார். அடுத்ததாகக் கைக்குழந்தையோடு ஒரு பெண், கருத்தரிப்பு சிகிச்சை விளம்பரம். அதற்கடுத்ததும் அதுவே.

"என்ன ஆத்தா, ஆஸ்பத்திரிக்குப் போறீகளா?"

இலை போட்டுக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். அன்று இரவு நான் வாயெடுக்கும் முன்பே கணவர் கேட்டுவிட்டார்.

போன் ஒட்டுக்கேட்கிறது என்று நாலு பேர் சொல்ல வருவார்கள். நான் வாயே திறக்கவில்லை. தளம் நடத்துபவர்கள் விளம்பரத்துக்காக, சமூக ஊடக நிறுவனம் தரும் சிறு நிரலைத் தங்கள் பக்கத்தில் வைக்கிறார்கள். முகநூலை நடத்தும் மெட்டாவின் 'மெட்டா பிக்சல்' அப்படி ஒன்று. பக்கத்தைத் திறந்ததுமே என்ன பார்த்தோம் என்பது அந்த நிறுவனத்துக்குப் போய்விடும். அதே பிரவுசரில் அந்தச் சமூக ஊடகத்தில் லாகின் செய்திருந்தால், பார்த்தது யார் என்பதையும் குக்கீயை (பிரவுசரில் சேமிக்கப்படும் சிறு அடையாளத் தகவலை) வைத்துப் பொருத்திவிடலாம். முன்பு மற்ற தளங்களில் இருந்த முகநூல் லைக் பட்டனும் அப்படித்தான், அழுத்தவே வேண்டியிருக்கவில்லை.

"மறைக்க என்ன இருக்கிறது?" என்பவர்களுக்கு: அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். நான் தப்பு எதுவும் செய்யவில்லை. யாரிடம், எப்போது சொல்வது என்பது என் கையில் இருந்தது. அதைத்தான் பறித்துவிட்டார்கள்.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது. முகநூல் கணக்கு இருந்தால், மற்ற தளங்கள் அனுப்பிய உங்கள் விவரங்களின் பட்டியல் செட்டிங்ஸில் இருக்கும். 2020 முதல் எல்லோருக்கும் இந்த வசதி உண்டு. பழையதை அழித்துவிட்டு, இனி வருவதையும் கணக்கிலிருந்து துண்டித்துவிடுங்கள். அப்புறம், மருத்துவம் சம்பந்தமாகத் தேட பயர்பாக்ஸ் அல்லது சஃபாரி பிரவுசரைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள், அதில் எந்தச் சமூக ஊடகத்திலும் லாகின் செய்யாதீர்கள். இப்படிப்பட்ட குக்கீகளை அவை தாமாகவே பெரும்பாலும் கட்டுப்படுத்தும்.

விளம்பரம் நிற்காது. எனக்கு இப்போது மிக்சியும் மெத்தையும் வருகின்றன. அதை யார் பார்த்தாலும் எனக்குக் கவலையில்லை.