கேள்வி-பதில்: வீட்டிலேயே துணி லிக்விட் கலக்குகிறவர்களுக்கு

இந்த வாரம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் துணி துவைக்கும் லிக்விடை வீட்டிலேயே தயாரிப்பது பற்றித்தான். மிக்சி, குக்கர் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த முறை வரை பொறுத்துக்கொள்ளவும்.

பத்து லிட்டர் லிக்விட் செய்யும் கிட் ஆன்லைனில் வாங்கினேன். கடையில் வாங்குவதைவிட லாபம்தானே? (வாசகி, சேலம்)

அந்தப் பத்து லிட்டரில் பெரும்பகுதி உங்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீர். அழுக்கை எடுக்கிற சரக்கு பெரும்பாலான கிட்டுகளில் எஸ்.எல்.இ.எஸ். என்பதுதான். அது இரண்டு விதமாக விற்கிறது. 70 சதவீதச் சரக்கு பசை மாதிரி இருக்கும், கரண்டியைக் கவிழ்த்தாலும் சட்டென்று விழாது. 28 சதவீதச் சரக்கு சாய்த்தாலே ஓடும். முதலாவதில் ஒரு கிலோவைப் பத்து லிட்டராக்கினால் லிட்டருக்கு 70 கிராம் சரக்கு நிற்கும். இரண்டாவதில் 28 கிராம்தான். கிட்டின் மேல் எத்தனை சதவீதம் என்று போட்டிருக்கிறதா? இல்லையென்றால் விற்றவரைக் கேளுங்கள். அவர் மழுப்பினால் 28 என்றே வைத்துக்கொள்ளலாம்.

லாபத்தை லிட்டரில் பார்க்காமல், ஒரு பக்கெட் துணிக்கு எத்தனை மூடி ஊற்றுகிறீர்கள் என்று பாருங்கள். கடை லிக்விட் பலவற்றில் வியர்வை, குழம்புக் கறைக்காக என்சைம் இருக்கும், கிட்டில் பெரும்பாலும் இருக்காது. நைட்டி, லுங்கி, துண்டுக்கெல்லாம் உங்கள் லிக்விட் தாராளமாகப் போதும். பிள்ளைகளின் பள்ளிச் சட்டைக் காலருக்குப் போதாது.

வினிகரும் ஆப்பசோடாவும் கலந்து ஊற்றினால் நன்றாகப் பொங்குகிறது. அழுக்கு போகுமா? (வாசகர், ஓசூர்)

ஒன்றை ஒன்று தின்றுவிடும், உங்களுக்கு மிஞ்சுவது நுரை மட்டும்.

நான் செய்த லிக்விட் தண்ணீராக இருந்தது. உப்புப் போட்டதும் கெட்டியானது. இன்னும் கொஞ்சம் போட்டேன், மறுபடி தண்ணீராகிவிட்டது. எங்கே தப்பு? (வாசகி, கும்பகோணம்)

உப்பு அப்படித்தான் செய்யும். எஸ்.எல்.இ.எஸ். கரைசலில் உப்புத் தண்ணீரை ஸ்பூன் ஸ்பூனாக விட்டுக் கலக்கினால் ஒரு கட்டத்தில் கரண்டி திணறும், தேன் பதம் வரும். அதைத் தாண்டி ஒரு ஸ்பூன் போனாலும் இளகத் தொடங்கும். உப்பைத் திரும்ப எடுக்க வழியில்லை. உப்பில்லாத கரைசல் கொஞ்சம் சேர்த்தால் பதம் திரும்பும். திரும்பாவிட்டாலும் அப்படியே துவையுங்கள், வேலை செய்யும்.

இந்தக் கெட்டி விவகாரத்தில் எனக்குப் பழைய ஆத்திரம் ஒன்று உண்டு. இந்த ஊரில் எல்லாரும் லிக்விடைக் கையில் ஊற்றி, விரலால் தேய்த்து, "நல்ல கெட்டியா இருக்கு" என்று வாங்குகிறார்கள். கெட்டிக்கும் வெளுப்புக்கும் சம்பந்தமே இல்லை. சரக்கைக் குறைத்து, கெட்டியாக்கும் பொருளைப் போட்டு, நீலக் கலரும் மல்லிகை வாசனையும் விட்டால் அரைப்பங்குச் சரக்கு முழுப்பங்கு மாதிரி நிற்கும். நுரையும் அப்படித்தான், நுரை அதிகம் என்றால் அலசத் தண்ணீர் அதிகம், அவ்வளவுதான். இதில் அழுக்கெடுக்கும் சரக்கு எத்தனை சதவீதம் என்று எண்ணில் போட்ட பாட்டிலைக் கடையில் தேடிப் பாருங்கள், கால் வலிதான் மிச்சம். பாலில் கொழுப்பு எத்தனை சதவீதம் என்று கேட்டு வாங்கத் தெரிந்த நாம் இதில் மட்டும் ஏன் வாசனையை முகர்ந்து காசு கொடுக்கிறோம்? "கெமிக்கல் இல்லாதது" என்று ஸ்டிக்கர் ஒட்டுகிறவர்களும் இதே கூட்டம்தான். உப்பும் கெமிக்கல், தண்ணீரும் கெமிக்கல். சரி, போகட்டும், ரத்தக் கொதிப்பு எனக்குத்தான்.

வீடியோ பார்த்து பார் சோப்பைத் துருவி, வாஷிங் சோடா போட்டுக் காய்ச்சினேன். துணியெல்லாம் மாதக்கணக்கில் பழுப்பேறி, துண்டு முரடாகிவிட்டது. எங்களுக்கு போர் தண்ணீர்தான். (வாசகி, ராமநாதபுரம்)

காரணத்தைக் கடைசி வரியில் நீங்களே எழுதிவிட்டீர்கள். எண்ணெயிலிருந்து செய்த பழைய மாதிரிச் சோப்பு, போர் மாதிரி உப்புத் தண்ணீரில் உள்ள கால்சியம், மெக்னீசியத்தோடு சேர்ந்து கரையாத பிசுக்காகிவிடும். பக்கெட் ஓரத்தில் சாம்பல் நிறத்தில் வளையம் கட்டுகிறதே, அதுதான் துண்டிலும் படிந்திருக்கிறது. அந்த வீடியோ எந்த ஊர்த் தண்ணீரில் எடுத்ததோ! பருத்தித் துணிகளைச் சுடுதண்ணீரில் சாதாரண சலவைப் பவுடரும் ஒரு கை வாஷிங் சோடாவும் போட்டு ஊறவைத்து, நன்றாக அலசுங்கள். ஒரே தடவையில் போகாது. பட்டு, கம்பளியை அதில் போட வேண்டாம். இனிமேல் சோப்பு துருவாதீர்கள். எஸ்.எல்.இ.எஸ். உப்புத் தண்ணீரை இதைவிட நன்றாகச் சமாளிக்கும்.

வீட்டு லிக்விடை பிரண்ட் லோட் மெஷினில் ஊற்றலாமா? (வாசகர், திருப்பூர்)

வேண்டாம். அந்த மெஷின் குறைந்த நுரைக்குச் செய்தது. உங்கள் கிட் நுரைக்காகவே செய்தது.

கையில் தயாரித்த லிக்விட் என்று ஸ்கூட்டரில் கேன் கொண்டுவந்து தருகிறார் ஒருவர். ஐந்து லிட்டர், மலிவு. இந்த முறை துவைத்ததில் கை தோல் உரிகிறது. அவர் போனை எடுப்பதில்லை. (வாசகி, சென்னை)

தோல் டாக்டரைப் பாருங்கள், அது முதலில். கேனில் மிச்சம் இருந்தால் கொட்டாமல் வையுங்கள். மருந்துக் கடையிலோ ஆய்வுக்கூடப் பொருள் விற்கும் கடையிலோ பிஎச் தாள் (அமிலமா காரமா என்று நிறத்தில் காட்டுவது, எண் ஏற ஏறக் காரம்) கேட்டு, ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். 7, 8 என்றால் காரணம் வேறாக இருக்கலாம். 11, 12 காட்டினால் பெரும்பாலும் காஸ்டிக் சோடா மிஞ்சியிருக்கும். ஆசிட் ஸ்லரியில் (இதுவும் அழுக்கெடுக்கும் சரக்குதான், அமிலமாக இருப்பதால் காஸ்டிக் சேர்த்து அடக்க வேண்டும்) செய்கிறவர்கள் கண்ணளவாகக் காஸ்டிக்கைக் கொட்டுவதில் வரும் வினை இது. ஒரு கிலோ ஸ்லரிக்குச் சுமார் 120 கிராம் காஸ்டிக் போதும், அதையும் நிறுத்துப் போட வேண்டும்.

ஆனால் அம்மா, பில் இல்லை, கேனில் பெயர் இல்லை, விலாசம் இல்லை, தயாரித்த மாதம் இல்லை. 2011 பொட்டலப் பொருட்கள் விதிகள்படி இவையெல்லாம் மேலே இருக்க வேண்டும். தொழிலாளர் துறைக்குப் புகார் எழுதலாம்தான், யார் மேல் என்று எழுதுவீர்கள்? கத்தரிக்காயைக்கூடத் திருப்பித் திருப்பிப் பார்த்து வாங்குகிறோம்.

ஒரு பயிற்சி வகுப்பில் சேர்ந்து, கலக்கும் மெஷினும் மூலப்பொருளும் 85,000 ரூபாய்க்கு வாங்கினேன். தயாரித்ததை அவர்களே திரும்ப வாங்குவதாகச் சொன்னார்கள். இப்போது "தரம் சரியில்லை" என்கிறார்கள். நகையை அடகு வைத்துக் கட்டிய பணம். தொழிலுக்கு வாங்கியதால் நுகர்வோர் வழக்கு போட முடியாது என்கிறார்களே? (வாசகி, விருதுநகர்)

அப்படிச் சொன்னவர் சட்டத்தை முழுசாகப் படிக்கவில்லை. வியாபாரத்துக்கு வாங்கினால் நுகர்வோர் இல்லை என்பது பொது விதி. ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டும் வாங்கி, தானே பயன்படுத்துகிறவர் நுகர்வோர்தான் என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் விளக்கமாகவே சொல்கிறது. உங்கள் புகாரில் இதை முதல் பத்தியிலேயே எழுதுங்கள்.

திரும்ப வாங்குவதாகச் சொன்ன வாட்ஸ்அப் செய்திகள், விளம்பரம், வகுப்பு வீடியோ, பணம் கட்டிய ரசீது எல்லாவற்றையும் இன்றே இரண்டு இடத்தில் சேமியுங்கள். அவர்கள் அழிப்பதற்குள். தரம் சரியில்லை என்றால் எதில் சரியில்லை என்று எழுத்தில் கேளுங்கள், ஸ்பீடு போஸ்ட்டில். அப்புறம் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்து புகாரைப் பதியுங்கள். மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், அவர்கள் ஊருக்கு அலைய வேண்டாம். கொடுத்த பணம் 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. வக்கீல் இல்லாமலும் போகலாம். பிரச்சினை எழுந்ததிலிருந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும். உங்களை வெட்கப்பட வைத்து வாயடைப்பதுதான் இவர்கள் வேலை. வாயடைக்காதீர்கள்.

சோப்பே இல்லாமல் துவைக்கும் பிளாஸ்டிக் பந்து நல்லதா? (வாசகர், நாகர்கோவில்)

ஒரு பொருட்காட்சியில் ஜோடியாக வாங்கி வந்தேன். பக்கத்து வீட்டுக் குழந்தை விளையாடுகிறது.

பூந்திக்கொட்டை உண்மையிலேயே வேலை செய்யுமா? (வாசகி, தென்காசி)

செய்யும். விதையை எடுத்துவிட்டு ஊறவைத்து, கொதிக்கவிட்டு, கசக்கி வடிகட்டுங்கள். பட்டுக்கும் கம்பளிக்கும் அருமை. எண்ணெய்க் கறையிடம் தோற்கும். வடித்த தண்ணீர் சில நாளில் புளித்து நாறும், அதனால் கொஞ்சமாகச் செய்யுங்கள்.

அலுமினியக் குண்டானில் காஸ்டிக் கரைத்தேன். குமுறிப் பொங்கி, குண்டான் கறுத்துவிட்டது. மிச்சத்தைக் கூல்டிரிங்ஸ் பாட்டிலில் ஊற்றி வைத்திருக்கிறேன். பயன்படுத்தலாமா? (வாசகர், ஈரோடு)

அலுமினியத்தோடு காஸ்டிக் சேர்ந்தால் ஹைட்ரஜன் வாயு கிளம்பும். பக்கத்தில் அடுப்பு எரியவில்லை என்பதற்குக் குலசாமிக்குத் தேங்காய் உடையுங்கள். கெட்டியான பிளாஸ்டிக் வாளியில், தண்ணீரில்தான் காஸ்டிக்கைச் சிறிது சிறிதாகப் போட வேண்டும், காஸ்டிக் மேல் தண்ணீர் ஊற்றக்கூடாது. கையுறை, கண்ணாடி இல்லாமல் அதைத் தொடவே வேண்டாம்.

கூல்டிரிங்ஸ் பாட்டிலைப் பற்றிக் கேட்கவே வேண்டியதில்லை. வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்களா? வெயிலில் விளையாடிவிட்டு வருகிற பிள்ளை அந்தப் பாட்டிலைப் பார்த்தால் என்ன செய்யும்? இந்தப் பக்கத்தை மூடிவிட்டு எழுந்து போய், காஸ்டிக் வந்த டப்பா காலியாக இருந்தால் அதற்கே அதை மாற்றி, பெரிதாக "விஷம்" என்று எழுதி, எட்டாத பரணில் பூட்டி வையுங்கள். யாராவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், ஏறும்போது இன்னொரு முறை சுடும். 108-ஐக் கூப்பிடுங்கள்.