கடிகார ஆலையில் தொழிற்பழகுநர் பயிற்சி: கேள்வி பதில்

சேலம், ஏற்காடு வட்டாரத்திலிருந்து வந்த கேள்விகளுக்கு, கடிகார உதிரிபாக ஆலையில் செட்டராக, அதாவது இயந்திரத்தை அளவுக்கு அமைத்துக் கொடுப்பவராகப் பணிபுரிபவர் பதிலளிக்கிறார்.

கேள்வி (ஓமலூர்): ஐயா, ஐ.டி.ஐ.யில் டர்னர் (கடைசல்) பிரிவு முடித்திருக்கிறேன். எல்லாம் தானியங்கி இயந்திரம் என்கிறார்கள். பொத்தானை அழுத்தப் பயிற்சி எதற்கு?

பதில்: பொத்தானை அழுத்த ஒரு நாள் போதும், இயந்திரம் எப்போது அளவு தவறத் தொடங்குகிறது என்பதைக் கண்டுகொள்ளத்தான் மீதிக் காலம். உயர்விலைக் கடிகாரத்தில், முன்னும் பின்னும் அலைந்து நேரத்தைச் சீராக்கும் பாலன்ஸ் சக்கரத்தைத் தாங்கும் அச்சின் முனை ஏறத்தாழ 0.1 மி.மீ. பருமனே இருக்கும்; அந்தச் சக்கரம் மணிக்கு 28,800 முறை அலையும் கடிகாரங்களும் உண்டு என்பதால், முனையில் ஓரிரு மைக்ரான் (மைக்ரான் என்பது மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வேறுபாடோ சிறு பிசிறோ இருந்தாலும் அது கழிவுப் பெட்டிக்குத்தான் போகும். இவ்வளவு மெல்லிய கம்பியைச் சாதாரண லேத்தில் (கடைசல் இயந்திரத்தில்) கடைந்தால் வளைந்துவிடும். ஆகவே, 1870களில் சுவிட்சர்லாந்தில் உருவான முறைப்படி, கம்பியே, அதைச் சுற்றித் தாங்கும் குழல் போன்ற கைடு புஷ் வழியாக முன்னே நகர்கிறது. வெட்டு எப்போதும் புஷ்ஷின் வாயருகே நடப்பதால் வளைய இடமில்லை. புஷ் தளர்ந்திருந்தால் உருப்படியில் அதிர்வு வரி விழும், இறுகினால் கம்பி சிக்கும். கம்பியைக் கையால் தள்ளி, ஆட்டமும் இல்லாமல் பிடிப்பும் இல்லாமல் வழுக்குகிறதா என்று விரலால் உணர்வதைச் செட்டரின் பக்கத்தில் நின்றுதான் கற்க முடியும்.

கேள்வி (ஆத்தூர்): நம் ஊர் வெயிலில் மைக்ரான் அளவு நிற்குமா?

பதில்: அளவெடுப்பதற்கான பொது வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸ். ஒரு டிகிரி கூடினால் ஒரு மீட்டர் எஃகு ஏறத்தாழ 11 அல்லது 12 மைக்ரான் நீளும். உருப்படி சிறியது, அது பெரிதாக நீளாது, இயந்திரத்தின் சுழலும் தண்டான ஸ்பிண்டில்தான் நீளும். எனவே காலையில் இயந்திரத்தை வெறுமனே ஓடவிட்டு, சூடு நிலைப்பட்ட பின்னரே முதல் உருப்படியை, உருவைப் பெரிதாக்கிக் காட்டும் புரொஜெக்டரில் வைத்துப் பார்த்து, ஆஃப்செட்டை, அதாவது வெட்டுக்கருவியின் நிலைக்கான எண்ணைத் திருத்துகிறோம். ஏ.சி. இயந்திரத்துக்காகப் போட்டது, நாம் அதன் விருந்தாளிகள்.

கேள்வி (செவ்வாய்ப்பேட்டை): எங்களுடையது வெள்ளிக் கொலுசுப் பட்டறை. அந்தப் பழக்கம் உதவுமா?

பதில்: பிசிறு பார்த்துப் பழகிய கண் மிகவும் உதவும். தவறியதை அரத்தால் ராவிச் சரிசெய்யும் வழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.

கேள்வி (அஸ்தம்பட்டி): கடிகாரத்தைக் கழற்றிப் பூட்டவும் சொல்லித்தருவார்களா?

பதில்: பெரும்பாலும் இல்லை, அது தனித் தொழில்.

கேள்வி (ஏற்காடு, ஒரு தாயார்): என் மகள் ஓசூரில் சேர விரும்புகிறாள். பயிற்சி முடிந்ததும் வேலை உறுதியா?

பதில்: இல்லை அம்மா. 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டப்படி, ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் ஒழிய, வேலை தர நிறுவனம் கடமைப்பட்டதல்ல. கையெழுத்திடும் முன் அதை ஒருமுறை படித்துப் பாருங்கள். உதவித்தொகையும், பணியில் காயம்பட்டால் இழப்பீடும் சட்டப்படி உண்டு. தமிழ்நாடு அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோவும் டாடா குழுமமும் 1984இல் டைட்டனைத் தொடங்கியதிலிருந்து ஓசூர் வட்டாரம் இத்தொழிலை அறியும். இதே வகை லேத்தில் எலும்பில் பொருத்தும் திருகாணிகளையும் கடைகிறார்கள் என்பதால், கற்ற கைக்கு வேறு ஆலைகளிலும் இடமிருக்கும். கம்பி ஏற்றும் வேலையிலேயே நிறுத்திவிடுவார்களா, செட்டிங்கும் கற்றுத்தருவார்களா என்று நேர்முகத்தேர்வில் உங்கள் மகளையே கேட்கச் சொல்லுங்கள்.