நகைப் பெட்டி: வாசகர் கேள்வி – பதில்

கே: நிச்சயதார்த்த மோதிரத்துக்கு லேப் வைரம்தான் வேண்டும் என்கிறாள் மகள். அது கண்ணாடிக்கல் என்கிறார் என் மாமியார். யார் சொல்வது சரி? (வாசகி, சாட்ஸ்வொர்த்)

ப: மகள் சொல்வதுதான். லேப் வைரம் என்றால் ஆய்வுக்கூடத்தில் வளர்த்த வைரம். கிம்பர்லி சுரங்கத்தில் தோண்டியதும் சூரத்தில் வளர்த்ததும் ஒரே கரிமப் (கார்பன்) படிகம். கடினத்தன்மை இரண்டுக்கும் 10, அதாவது மோஸ் அளவுகோலின் உச்சம். வளர்க்கும் முறை இரண்டு. எச்.பி.எச்.டி. முறையில் விதையாகச் சிறிய வைரத் துண்டோடு கிராஃபைட்டையும் (பென்சில் கரி) உருகிய உலோகத்தையும் சேர்த்து, சுமார் 1,400 டிகிரி செல்சியஸ் சூட்டில், சாதாரணக் காற்றழுத்தத்தைப்போல 50,000 மடங்குக்கும் மேலான அழுத்தத்தில் வைப்பார்கள். சி.வி.டி. முறையில் மீத்தேனையும் ஹைட்ரஜனையும் பிளாஸ்மாவாக்கி (மின்னேறிய வாயுவாக்கி), விதைத் தகட்டின்மேல் கரிமத்தை அடுக்கடுக்காகப் படியவிடுவார்கள். முன்னதில் லேசான நீலமும் பின்னதில் லேசான பழுப்பும் தட்டலாம். கடை விளக்கில் இது தெரியாது. கல்லை வெள்ளைத்தாளில் கவிழ்த்துவைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பக்கவாட்டில் பாருங்கள்.

கே: கடைக்காரர் பேனா போன்ற கருவியைக் கல்லில் வைத்தார், 'பீப்' என்றது. சுரங்க வைரம் என்று நம்பலாமா? (வாசகர், பீனிக்ஸ்)

ப: கூடாது. கல் எவ்வளவு வேகமாகச் சூட்டைக் கடத்துகிறது என்பதை மட்டுமே அந்தப் பேனா பார்க்கிறது. லேப் வைரத்துக்கும் கத்தும், வைரம்போலவே தெரியும் வேறொரு கல்லான மொய்சனைட்டுக்கும் பெரும்பாலும் கத்தும். மொய்சனைட்டையாவது லென்ஸில் பிடித்துவிடலாம்: சற்றுச் சாய்த்துப் பார்த்தால் அடிப்பட்டைகளின் விளிம்பு இரட்டையாகத் தெரியும். லேப் வைரத்துக்குச் சான்றிதழைத்தான் நம்பவேண்டும். கல்லின் நடுவிளிம்பில் லேசரால் பொறித்த எண்ணைப் பத்து மடங்கு லென்ஸில் படித்து, சான்றிதழ் தந்த ஐ.ஜி.ஐ. அல்லது ஜி.ஐ.ஏ. என்ற ரத்தினச் சோதனை நிறுவனத்தின் இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். எடையும் மில்லிமீட்டர் அளவும் ஒத்துப்போக வேண்டும். எண் மட்டும் ஒத்தால் போதாது. ஐ.ஜி.ஐ.யின் லேப் வைர எண் 'எல்ஜி' என்று தொடங்கும்.

கே: ஏழு கல் தோடு செய்யப்போகிறோம். ஒவ்வொரு கல்லுக்கும் சான்றிதழ் கேட்கலாமா? (வாசகி, டோங்காட்)

ப: 3 மில்லிமீட்டர் கல் ஏறக்குறைய 10 சென்ட் எடை (100 சென்ட் ஒரு காரட்), 2 மில்லிமீட்டர் என்றால் 3 சென்ட். இவ்வளவு சிறிய கல்லுக்குத் தனித்தனியாகச் சான்றிதழ் வாங்குவது கட்டுப்படியாகாது. சுரங்கக் கல் பொட்டலத்தில் லேப் கல்லைக் கலப்பது நடப்பதே இந்த அளவில்தான். பதிப்பதற்கு முன், உதிரியாக இருக்கும்போதே எல்லாக் கற்களையும், அந்தப் பேனாவில் அல்ல, லேப் கல்லைப் பிரித்துக் காட்டும் சோதனை இயந்திரத்தில் பார்க்கச் சொல்லுங்கள். அடி மூடிய தோட்டில் பதித்த பிறகு சோதிப்பது கஷ்டம். எண்ணெயும் சாம்பிராணிப் புகையும் அதற்குள்ளே தங்கிக் கல் மங்கும் என்பது வேறு. என்னைக் கேட்டால் தோட்டுக்கு லேப் கல்லே எடுங்கள். விலை குறைந்த லேப் கல்லில் யாரும் விலை கூடிய சுரங்கக் கல்லைக் கலக்கமாட்டார்கள்!

கே: லேப் வைரத்தைப் பின்னாளில் விற்றால் பணம் வருமா? (வாசகர், லெனேசியா)

ப: வராது என்றே வைத்துக்கொள்ளுங்கள். வைரச் சுரங்க நிறுவனமான டி பியர்ஸ் 2018இல் லைட்பாக்ஸ் என்ற பெயரில் லேப் வைரத்தைக் காரட் 800 டாலருக்கு விற்கத் தொடங்கியபோது அது அடிமாட்டு விலையாகத் தெரிந்தது. அதன்பின் விலை மேலும் சரிந்தது; 2025இல் லைட்பாக்ஸையே மூடப்போவதாக அறிவித்தார்கள். சுரங்க வைரத்தையும் வாங்கிய விலைக்கு யாரும் திருப்பி எடுப்பதில்லை. சேமிப்புதான் நோக்கம் என்றால் க்ரூகர்ராண்ட் தங்க நாணயம் வாங்குங்கள். காப்பீட்டு மதிப்பீட்டில் 'லேப் வைரம்' என்று எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லாவிட்டால் சுரங்க வைர விலைக்குப் பிரீமியம் கட்டிக்கொண்டிருப்பீர்கள்.

கே: மோதிரத்தின் அளவைக் கூட்டக் கொடுத்தேன். கல் பால்போல வெளுத்துத் திரும்பியது. லேப் வைரம் என்பதாலா? (வாசகி, பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

ப: இல்லை. எந்த வைரமும் காற்றில் ஊதுகுழல் தீ பட்டால் மேற்பரப்பில் எரியும். கல்லைக் கழற்றியிருக்கவேண்டும், அல்லது ஆல்கஹாலில் கரைத்த போரிக் அமிலத்தைப் பூசிவிட்டுச் சூடேற்றியிருக்கவேண்டும். மறுபடி பட்டை தீட்டினால் தெளிந்துவிடும், எடை கொஞ்சம் குறையும்.

கே: இணையத்தில் வாங்கினால் திருப்பித் தரலாமா? (வாசகர், டர்பன்)

ப: தென்னாப்பிரிக்கச் சட்டப்படி, பொருள் கைக்கு வந்த 7 நாளுக்குள் காரணம் சொல்லாமலே திருப்பலாம். உங்கள் விரல் அளவுக்கென்று தனியாகச் செய்த மோதிரத்துக்கு அந்த உரிமை கிடையாது. முதலில் கல்லை மட்டும் வாங்கிச் சோதித்துவிட்டு, மோதிரம் செய்யக் கொடுங்கள்.